ஸ்டியரிங்குக்குள் ஒரு நாடா: ஒட்டலாமா, மாற்றலாமா?

ஒரு கார். ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும், பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களும் வேலை செய்யவில்லை. மீட்டர் போர்டில், உட்கார்ந்திருக்கும் மனிதன் முன்னால் ஒரு பந்து இருப்பது மாதிரி ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் கார்க்காரர் முன்னால் இரண்டு கதவுகள் திறக்கும்.

முதல் கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி, காபி மெஷின், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு தம்பி. "கிளாக் ஸ்பிரிங் போயிடுச்சு சார். அதுல தனியா எதுவும் பண்ண முடியாது. அசெம்பிளியாத்தான் வரும். மாத்திடலாமா?" என்பார். எஸ்டிமேட்டைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஒரு தொகை இருக்கும்.

இரண்டாவதுக்குக் கதவே கிடையாது. வேப்பமர நிழல், நாலு டயர், ஒரு டூல் பாக்ஸ். "அது ஒண்ணும் இல்லண்ணே. உள்ள நாடா மாதிரி ஒரு ஒயரு ஓடும், அது கட் ஆயிருக்கும். கழட்டி ஈயம் வெச்சு ஒட்டிக் குடுத்துடறேன். புதுசு எதுக்கு?" என்பார். கூலி நூறோ இருநூறோ.

நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்பா, ஒரு ஒயருக்கு இவ்வளவா?" என்று ரிப்பேர் கட்சி. "உயிர் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது, கம்பெனி என்ன சொல்லுதோ அதைச் செய்" என்று மாற்றுக் கட்சி. இரண்டுமே உரக்கக் கத்தும். இரண்டுமே பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் கத்தும்!

பணம் இருக்கிறதா இல்லையா என்பதா கேள்வி? கம்பெனியா மரத்தடியா என்பதா? இரண்டும் கிடையாது. செய்த வேலையைச் சோதித்துப் பார்க்க முடியுமா, முடியாதா? அவ்வளவுதான் கேள்வி. சோதித்துப் பார்க்க முடிந்ததை ரிப்பேர் செய்ய வேண்டும். அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறவர் பணத்தைப் பிடுங்குகிறார். சோதிக்கவே முடியாததை மாற்ற வேண்டும். அதை ஒட்டிக் கொடுக்கிறவர், நல்ல மனசோடு செய்தாலும், உயிரோடு விளையாடுகிறார்.

இதைப் புரிந்துகொள்ள அந்தச் சாமானுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கடிகாரத்தில் இருந்து வந்த பெயர்

ஸ்டியரிங் சுற்றும். அதைத் தாங்கும் தண்டைச் சுற்றியுள்ள உறை சுற்றாது. சுற்றாத இடத்தில் இருந்து சுற்றும் இடத்துக்கு மின்சாரத்தை எப்படிக் கொண்டு போவது? சாதாரண ஒயரைக் கட்டினால் இரண்டு திருப்பத்தில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

ஏர்பேக் இல்லாத பழைய கார்களில் இதற்கு எளிமையான வழி இருந்தது. ஒரு பித்தளை வளையம், அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு தொடுமுனை. ஹாரனுக்கு அது தாராளம். உரசுகிற இடத்தில் அழுக்குப் படிந்தால் ஹாரன் சில நேரம் அடிக்காது. உப்புத்தாளால் தேய்த்தால் மறுபடி அடிக்கும். அடித்துப் பார்த்தாலே சரியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் மரத்தடி மெக்கானிக் செய்ததில் எந்தத் தப்பும் கிடையாது.

ஏர்பேக் வந்ததும் கதை மாறியது. ஏர்பேக்குக்குப் போகும் மின்சாரம் "சில நேரம்" போகாமல் இருக்கக் கூடாது. காரின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அது தேவைப்படும். அந்த ஒரு தடவை கட்டாயம் போயே ஆக வேண்டும். உரசும் வளையத்தை நம்ப முடியாது. அதனால் வந்ததுதான் கிளாக் ஸ்பிரிங். சில நிறுவனங்கள் இதை ஸ்பைரல் கேபிள் என்கின்றன.

வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சுருட்டி வைத்த ஒரு தட்டையான நாடா. மெல்லிய பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே தலைமுடி போல மெலிந்த செம்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரத்தின் வில்லைப் போல, ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். பெயரும் அதனால்தான். நடுநிலையில் இருந்து இரண்டு பக்கமும் சுமார் இரண்டரைச் சுற்று திரும்பும் அளவுக்குத்தான் பொதுவாக அதில் நீளம் இருக்கும். ஹாரன், ஆடியோ பொத்தான், குரூஸ் கண்ட்ரோல், ஏர்பேக், எல்லாம் இந்த ஒரே நாடா வழியாகத்தான் போகும். முதலில் சொன்ன மூன்று கோளாறும் ஒன்றாக வந்ததன் ரகசியம் இதுதான்.

ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

ரிப்பேர் கட்சியின் வாதம் எளிமையானது. செம்பு அறுந்திருக்கிறது. செம்போடு செம்பை ஈயம் வைத்துச் சேர்த்தால் மின்சாரம் ஓடும். இதில் என்ன பெரிய விஷயம்?

மின்சாரம் ஓடும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாடா சும்மா கிடக்கும் ஒயர் இல்லை. அதன் தொழிலே வளைவதுதான். ஒரு நாளைக்கு இருபது தடவை ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் வருஷத்துக்கு 7,300 தடவை. பத்து வருஷத்தில் 73,000 தடவை. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்பது சின்னப் பையன்களுக்கும் தெரிந்த வித்தை. உலோகம் களைத்துப் போய்த்தான் ஒடிகிறது. நாடாவுக்குள் நடப்பதும் அதேதான், கொஞ்சம் மெதுவாக.

இப்போது ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும், வளையாது. மற்ற இடம் வளையும். வளையும் பாகமும் வளையாத பாகமும் சேரும் ஓரத்தில் மொத்தச் சுமையும் விழும். அடுத்த முறிவு அங்கேதான் வரும். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் ரிப்பேர் கட்சி மறந்துவிடுகிறது. அறுந்தது ஒரு பட்டை. பக்கத்தில் இருக்கும் மற்ற பட்டைகளும் அதே நாடாவில், அதே நாள் பிறந்து, அதே 73,000 தடவை வளைந்தவை. ஹாரன் பட்டை இன்றைக்கு அறுந்தால், ஏர்பேக் பட்டையும் அதே வயதுதான். ஹாரனை ஒட்டிக் கொடுத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்பது, பல் வரிசை முழுக்க ஆடும்போது ஒரு பல்லுக்கு மட்டும் சிமெண்ட் வைப்பது மாதிரி!

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்க சுமார் 63.9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பல கோளாறுகள் சேர்ந்த கணக்கு அது. அதில் சுமார் 35 லட்சம் வண்டிகளில் இந்த ஸ்பைரல் கேபிள்தான் பிரச்சினை. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப நாடா சேதமாகி, விபத்தின்போது ஓட்டுநரின் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. இந்தியாவிலும் 2005 பிப்ரவரி முதல் 2008 டிசம்பர் வரை செய்யப்பட்ட 44,989 இன்னோவாக்கள் இதே காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. செலவு முழுக்க கம்பெனியின் தலையில். வாடிக்கையாளருக்கு இலவசம். ஒட்டிக் கொடுத்தால் போதும் என்றால், 35 லட்சம் வண்டிக்கும் ஈயம் வைத்துக் கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்திருப்பார்கள். அப்போதும் அவர்கள் செய்தது மொத்தமாக மாற்றியதுதான். தன் கைக்காசு போகும்போது ஒரு வியாபாரி எதைச் செய்கிறார் என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

"விளக்குதான் அணைந்துவிட்டதே!"

ரிப்பேர் கட்சியின் பிரம்மாஸ்திரம் இது. "ஒட்டின பிறகு ஏர்பேக் விளக்கு அணைஞ்சிடுச்சு. கம்ப்யூட்டரே ஓகே சொல்லிடுச்சு. இன்னும் என்ன சோதனை வேணும்?"

கம்ப்யூட்டர் என்ன பார்க்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. ஏர்பேக்குக்குள் ஒரு சின்ன வெடித்திரி உண்டு. அதன் மின்தடை ஏறக்குறைய 2 ஓம். ஏர்பேக் கம்ப்யூட்டர் மிக மிகச் சின்ன மின்சாரத்தை அனுப்பி, அந்த 2 ஓம் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தடை அதிகமானால் ஒயர் அறுந்தது, குறைந்தால் ஷார்ட். இரண்டில் எது நடந்தாலும் விளக்கைப் போட்டுவிடும். அணைந்த விளக்குக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். இந்த நொடியில், ஸ்டியரிங் இருக்கும் இந்த நிலையில், தடை சரியாக இருக்கிறது. அடுத்த திருப்பத்தில் என்ன ஆகும் என்று அதற்கும் தெரியாது.

விபத்து எப்போது நடக்கிறது? ஓட்டுநர் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடிக்கும் நேரத்தில். நாடா வேகமாக இழுபடும் அதே நேரத்தில். மோதியதை உணர்ந்து கம்ப்யூட்டர் ஆணை கொடுத்த பிறகு பை முழுக்க விரிய சுமார் 30 மில்லி செகண்ட்தான் ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த இடைவெளியில் ஒட்டு விட்டுப் போனால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஹாரன் ஒரு தடவை அடிக்காவிட்டால் மறுபடி அழுத்தலாம். ஏர்பேக்கை மறுபடி அழுத்த முடியாது.

சோதிக்க முடியாதது என்றால் இதுதான். ஒட்டிய ஹாரனை அடித்துப் பார்க்கலாம். ஒட்டிய ஏர்பேக்கை மோதிப் பார்க்க முடியுமா?

இதை விடக் கொடுமை ஒன்று இருக்கிறது. விளக்கை அணைப்பதற்காகவே, ஏர்பேக் இருக்கும் இடத்தில் ஒரு 2 ஓம் ரெசிஸ்டரைச் சொருகிவிடுகிற ஆசாமிகள் உண்டு. சில ரூபாய் சாமான். கம்ப்யூட்டருக்கு வெடித்திரி இருப்பது மாதிரியே தெரியும். சாவி போட்டதும் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைந்து, எல்லாம் ஒழுங்காக இருப்பது மாதிரி நடிக்கும். உள்ளே ஏர்பேக் இணைப்பே இருக்காது. பழைய கார் வாங்குகிற குடும்பம் ஒன்று அந்த விளக்கை நம்பி ஏறி உட்காரும். இதற்கு ரிப்பேர் என்று பெயர் வைப்பது ரிப்பேர் என்ற சொல்லுக்கே அவமானம். ராத்திரி பகல் பாராமல் நேர்மையாக உழைக்கிற ஆயிரம் மெக்கானிக்குகளின் பெயரைக் கெடுப்பது இந்தக் கூட்டம்தான்.

விளக்கை அணைப்பது வேறு. கோளாறை நீக்குவது வேறு.

மாற்றுக் கட்சி அவசரப்பட்டுக் கை தட்ட வேண்டாம்

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்படியானால் கம்பெனி சொன்னது சரிதானே" என்று மாற்றுக் கட்சி சிரிக்கலாம். அவர்களுக்கும் இருக்கிறது.

நாடாவை மாற்ற வேண்டும், சரி. ஆனால் கோளாறு நாடாவில்தான் என்று யார் பார்த்தார்கள்? ஹாரன் மட்டும் அடிக்கவில்லை, மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ். பிறகு ரிலே. பிறகு ஹாரனே செத்திருக்கிறதா என்பது. பெரும்பாலான கார்களில் ஹாரன் பொத்தானை அழுத்தும்போது ரிலே 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டால் ஸ்டியரிங்குக்குள் எல்லாம் சரி, கோளாறு வெளியே. மழைத் தண்ணீரில் நனைந்து பச்சை பிடித்த ஒரு கனெக்டராக இருக்கலாம், துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டாக இருக்கலாம். இதையெல்லாம் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தைச் செலவழிக்காமல் ஸ்கேனரைச் சொருகி, வந்த கோடு எண்ணைப் படித்து, உதிரிபாகத்தின் விலையைச் சொல்வதற்கு மெக்கானிக் எதற்கு? கிளிஜோசியமே போதுமே. கிளியும் சீட்டைத்தானே எடுக்கிறது!

ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான்கள் தேய்ந்திருந்தால் சுத்தம் செய்யலாம். ஹாரன் தகட்டின் தொடுமுனையைத் தேய்த்து விடலாம். ஃபியூஸ், ரிலே, கனெக்டர், எர்த், நாடாவுக்கு வெளியே அறுந்த ஹாரன் ஒயர், எல்லாம் ரிப்பேர் செய்ய வேண்டியவை. எல்லாமே அழுத்திப் பார்த்ததும் தெரிகிறவை. இதற்கெல்லாம் "அசெம்பிளி" என்று சொல்லி ஸ்டியரிங்கில் பாதியை மாற்றச் சொல்வது பச்சைக் கொள்ளை.

அந்த "அசெம்பிளி" என்ற சொல்லிலேயே ஒரு சூது இருக்கிறது. பல புதிய கார்களில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சாரையும் நாடாவோடு ஒட்டிப் பிறந்த இரட்டையராக விற்கிறார்கள். சிலவற்றில் இண்டிகேட்டர், வைப்பர் ஸ்விட்சுகளும் கூடவே வரும். நாடா ஒன்று போனால் நன்றாக இருக்கும் மற்றதையும் சேர்த்து வாங்க வேண்டும். வடை ஒன்று கேட்டால் பொங்கலும் சேர்த்துத்தான் தருவேன் என்கிற ஓட்டல் வியாபாரம். இப்படிச் செய்வதற்குப் பாதுகாப்பு காரணம் எதுவும் கிடையாது. நாடாவைத் தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி வடிவமைத்தால் போதும். மாற்றுவது சரி என்பதாலேயே, கேட்கிற விலை எல்லாம் சரி என்று ஆகிவிடாது.

இது வெறும் புலம்பல் என்று நினைக்கிறவர்கள் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் கொடுத்த உத்தரவைப் பார்க்க வேண்டும். உண்மையான உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் அடைத்து வைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிறுவனங்களின் அபராதத் தொகையைக் குறைத்தது. ஆனால் செய்தது தவறு என்பதை ஏற்றுக்கொண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்றே ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. கார்களும் அதில் அடக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012லேயே ஓட்டுப் போட்டு கார்களுக்கான இந்த உரிமையை வாங்கிவிட்டார்கள்.

மரத்தடி மெக்கானிக் ஏன் ஈயத்தை எடுக்கிறார் என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவருக்கு உண்மையான நாடா நியாயமான விலையில் கிடைப்பதில்லை. ஸ்கேனர் கிடைப்பதில்லை. கையேடு கிடைப்பதில்லை. கையில் இருப்பது சால்டரிங் அயர்ன்தான். பட்டினி போட்டுவிட்டு "திருடுகிறான் பார்" என்று குற்றம் சொல்கிற கதை இது.

மாற்றினால் மட்டும் போதுமா?

இன்னொரு மூடநம்பிக்கையையும் உடைத்தாக வேண்டும். "புதுசு போட்டாச்சு, இனி கவலையில்லை." எந்தப் புதுசு?

சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் காரில் இல்லாத சாமானும் கிடைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அங்கே பழைய கார்களில் இருந்து கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கும் கிடைக்கலாம். கதவோ கண்ணாடியோ என்றால் பழையது வாங்குவதில் தப்பே இல்லை, பார்த்தாலே தெரியும். ஆனால் பழைய நாடா எத்தனை ஆயிரம் தடவை வளைந்தது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது மோதிய காரில் இருந்து வந்திருந்தால், ஏர்பேக் வெடித்த சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்கிய நாடாவாகவும் இருக்கலாம். களைத்த நாடாவை எடுத்துவிட்டுக் களைத்த நாடாவைப் போடுவதற்குப் பெயர் மாற்றுவதா?

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குப் பெயரில்லாத நகல்கள் வருகின்றன. ஹாரன் அடிக்கும், பொத்தான் வேலை செய்யும். ஏர்பேக் பட்டை எவ்வளவு காலம் தாங்கும் என்று யார் சோதித்தார்கள்? சோதிக்க முடியாத சாமானில் நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அதைச் செய்தவர் சோதித்திருக்கிறார் என்பதுதான். அந்த ஆதாரமும் இல்லாத புதுசுக்கும் ஈயம் வைத்த பழசுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அதே நேரத்தில் "ஒரிஜினல்" என்பதும் சாமி கிடையாது. அந்த 35 லட்சம் டொயோட்டாக்களிலும் இருந்தவை ஒரிஜினல் நாடாக்கள்தான். 2015இல் வோக்ஸ்வாகன் அமெரிக்காவில் சுமார் 4.2 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோதும், குப்பை புகுந்து நாடா கிழியலாம் என்பதுதான் காரணம். ஒரிஜினல் கெட்டுப்போனால் கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது, பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

கடைசியாக, மாட்டும் முறை. புது நாடாவை நடுநிலையில் வைத்து மாட்ட வேண்டும். சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். புதுசில் நடுநிலையைப் பிடித்து வைக்க ஒரு பூட்டோ ஒட்டுத்தாளோ இருக்கும். மாட்டும் முன்பே அதைப் பிய்த்துவிட்டுக் கையில் சுற்றி விளையாடினால் கணக்குத் தவறிவிடும். ஒரு சுற்று தவறினால் போதும், ஒரு நாள் கார் நிறுத்தும்போது முழுசாக ஒடிக்கையில் நாடா 'படக்' என்று அறுந்துவிடும். ஸ்டியரிங் ராக் வேலைக்காகத் தண்டைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது ஸ்டியரிங்கை விளையாட்டாகச் சுற்றிவிட்டாலும் இதே கதிதான். அனுபவமுள்ள மெக்கானிக் முதல் வேலையாக ஸ்டியரிங்கை அசையாமல் கட்டிவிடுவார்.

பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அந்த மஞ்சள் கனெக்டரைத் தொடக் கூடாது. மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகவே கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்கும். மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கையே நேராக அளந்து பார்க்கிற வீரமும் வேண்டாம். கழற்றிய ஏர்பேக்கைக் கவிழ்த்து வைக்கவும் கூடாது. யூட்யூப் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்கிற வேலை இல்லை இது.

"ஏழைக்கு என்ன வழி?"

நியாயமான கேள்வி. பழைய கார் வாங்கி டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்தச் சில ஆயிரம் ஒரு மாதத்து வீட்டு வாடகை. அவரிடம் போய் "உயிரை விடப் பணமா பெரிது?" என்று வசனம் பேசுவது சுலபம். வசனம் பேசுகிறவர் வாடகை கட்டப் போவதில்லை.

ஆனால் அவருக்கு ஒட்டுப் போட்ட நாடாவைக் கொடுத்து அனுப்புவது உதவி ஆகாது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் அவர் மெதுவாகப் போவார், சீக்கிரம் பணம் சேர்ப்பார். பாதுகாப்பு இருப்பதாக நம்ப வைத்தால் அந்த எச்சரிக்கையும் போய்விடும். பணம் சேரும் வரை அந்த விளக்கு எரியட்டும். எரிகிற விளக்கு உண்மை பேசுகிறது. ஹாரன் இல்லாமல் ஓட்ட முடியாது என்றால் தற்காலிகமாக ஒரு தனிப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். அதை அழுத்திப் பார்க்கலாம், யாரையும் ஏமாற்றாது. ஏர்பேக் வேலை செய்யாது என்று ஏறுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சீட் பெல்ட் எப்போதும் போட வேண்டும். ஏர்பேக் இருந்தாலும் அது சீட் பெல்ட்டுக்குத் துணைதான், மாற்று கிடையாது.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் தேதியில் இருந்து புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அப்போது விற்ற கார்கள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. வாரண்டி முடிந்து மரத்தடிக்கு வருகின்றன. நாடாக்கள் களைக்கும் காலம் இனிமேல்தான். சின்னக் கார்களில், சின்னச் சம்பளக்காரர்கள் வாங்கும் கார்களில், இந்தக் கேள்வி தினமும் எழப் போகிறது. பணக்காரர் வண்டியில் நாடா போனால் அவர் மாற்றிவிடுவார். சட்டம் கட்டாயமாக்கிய அந்தப் பை மற்றவர்களுக்கும் உண்மையிலேயே விரியுமா என்பது, நாடா என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

அதனால் ரிப்பேர் கட்சி போராட வேண்டியது ஈயத்துக்காக இல்லை. உண்மையான நாடா தனியாக, நியாயமான விலையில், வேப்பமரத்தடி வரைக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. மாற்றுக் கட்சி கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பணம் கட்டும் முன்பு, "கோளாறு நாடாவில்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு ஒரு காரியம் செய்யலாம். அதன் ஏர்பேக் ஒயர்களை வெட்டி, இனி யார் வண்டியிலும் ஏற முடியாதபடி ஆக்கிவிடலாம். இல்லாவிட்டால் அது எங்கேயாவது ஈயம் பூசிக்கொண்டு இன்னொருவர் ஸ்டியரிங்குக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஹாரனை ஒட்டுங்கள். பொத்தானை ஒட்டுங்கள். ரேடியோவையும் ஒட்டுங்கள். ஏர்பேக் ஓடும் நாடாவை மாற்றுங்கள்.